பிரியாத கிரீம்

1
இந்தக் கதை வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை அலுமாரியில் இருந்த ஒரு கிரீம் போத்தலைத் திறந்தேன். மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'திருகோணமலைத் துறைமுகத்தில் விடியும்போது…' [வேண்டாம். துறைமுகம் இதற்கு என்ன செய்யும்?]

2
கதாநாயகி நிவேதிகா. குசினியில் கிரீம் செய்து வட்சப்பில் விற்பவள். தேங்காயெண்ணெயையும் வெள்ளை மெழுகுச் செதில்களையும் ஒன்றாக உருக்கி, சுடுநீர் ஊற்றி அடிப்பாள். அந்தச் செதில்களுக்கு அயனற்ற குழம்பாக்கி மெழுகு என்பது புத்தகத் தமிழ். அவளுக்கு அது 'வக்ஸ்'. அது போட்டால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாது. பிரியாத கிரீம் பழுதாகாது என்று அவள் நம்பினாள்.

[பிழை இங்கேதான். வக்ஸ் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். தண்ணீர் உள்ள கிரீமில் கிருமி வளராதிருக்க வேறு மருந்து போடவேண்டும். அது முடிந்துபோயிருந்தது. அது வரவேண்டிய கொழும்புப் பார்சல் வரவில்லை. வக்ஸ் போதும் என்று நிவேதிகா அதைப் போடாமலே அடித்தாள்.]

3
அதே சட்டிக் கிரீமில் ஒரு போத்தல் கிண்ணியாவுக்குப் போனது. வாங்கிய இன்ஷிரா நேற்று அழைத்தாள்.

"அக்கா, புள்ளைக்குத் தொடை இடுக்கெல்லாம் புண்ணாப் போயிட்டு. உங்கட கிரீமைப் பூசலாம்தானே?"

"ஓம் ஓம், பூசுங்கோ. ஒண்டும் செய்யாது."

பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

4
நிவேதிகா இவ்வளவு யோசனையில்லாதவளா? நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே இன்ஷிராவைக் கெட்டிக்காரியாக்கிப் பார்த்தேன். மணத்திலேயே சந்தேகப்பட்டுப் போத்தலை எறிந்துவிடுகிறாள். வாசிக்க நன்றாக இருந்தது, ஆனால் நானே நம்பவில்லை.

இன்னொரு முடிவு: பிள்ளைக்குக் காய்ச்சல். தகப்பன் றுமைஸ் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். அங்கே டொக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு

[இந்த வசனத்தை முடிக்க எனக்கு ஏலாது.]

5
நிவேதிகா என்று ஒருத்தியும் இல்லை. சட்டி என்னுடையது. காலையில் திறந்த போத்தலும் அதே சட்டிக் கிரீம்தான். ஒண்டும் செய்யாது என்று சொன்ன வாயும் என்னுடையது. காலையிலிருந்து பயத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓர் அழைப்பு எடுக்காமல்.

எடுத்துவிட்டேன்.

"இன்ஷிரா, அந்தக் கிரீமைப் பூசாதேங்கோ! பழுதாப் போச்சு. என்ர பிழைதான். புள்ளையைக் கழுவிப்போட்டு உடனே டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"இப்பதானே பூசினன், அக்கா. ராவிலயிருந்து இது நாலாந்தரம்."

கிண்ணியா பஸ்ஸில் ஏறிவிட்டேன். இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நீங்களாவது எழுதுங்கள்.