சிவப்பு அட்டை கட்டியவள்

ராக்கெட் என்ஜினைப் பற்றவைத்துப் பார்க்கும் சோதனைக்கு இன்னும் இரண்டு மணி நேரம். பொறியாளர் எரிபொருள் குழாயின் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினாள். நுரைக்கு முகஸ்துதி தெரியாது. பொட்டுப் பொட்டாகக் குமிழி கிளம்பியது. உள்ளே இருந்தது வெறும் சோதனை வாயு. எரிபொருளை ஏற்றிப் பற்றவைத்தால், என்ஜின் தரையில் நிற்க, சோதனைக் கூடமும் அதிலிருக்கும் பதினாறு பேரும் வானத்துக்குப் போவார்கள்.

வால்வில் சிவப்பு அட்டையைக் கட்டிக் கையெழுத்துப் போட்டாள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இயக்குநர் புகைப்படக்காரரோடு வந்தார். அவருடைய சென்ட் வாசனை அவருக்கு முன்பே வந்திருந்தது.

"என்னம்மா இது, குமிழி?"

"கசிவு சார். போன வாரமே எழுதிக் கொடுத்தேன்."

"துடைச்சுடுங்க. போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

அவளுக்குச் சுள்ளென்று உச்சந்தலை வரை ஏறியது. 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ராக்கெட்டு?' என்று கேட்ட பெரியப்பாவின் வாயை அடைத்து, பதினோரு வருடம் மாடாய் உழைத்தது இப்படித் துணி பிடிக்கவா?

"நுரையைத் துடைச்சுடலாம் சார். ஓட்டையை எதால துடைக்கிறது?"

"சீஃப் கெஸ்ட் கிளம்பிட்டாரு! அட்டையை அவுரு. இல்லேன்னா நாளையிலேருந்து லைப்ரரியில தூசி தட்டுவே."

"அவுக்க மாட்டேன்."

பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற ஃபிட்டரிடம் இயக்குநர் திரும்பினார். "யோவ், நீ அவுருய்யா."

ஃபிட்டர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தங்கச்சி கட்டினது சார். அடுத்தவன் தொட்டா வேலை போயிடும்னு சர்க்குலர் விட்டதே நீங்கதானே? மூணு தடவை சத்தமா வாசிக்க வெச்சீங்க."

புகைப்படக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"இயக்குநர் எழுத்துல கொடுத்தா அவுக்கலாம்னும் அதுல இருக்கு," என்று அவள் பேனாவை நீட்டினாள். "கசிவு தெரிஞ்சேதான் பத்தவைக்கிறேன்னு எழுதுங்க. அட்டையை இப்பவே அவுக்கிறேன்."

மேடை கிடைத்தால் மூன்று மணி நேரம் முழங்குபவருக்குப் பேனாவைத் தொடக் கை வரவில்லை. சீஃப் கெஸ்டுக்குப் போன் போட்டார்.

"வணக்கங்க... வானிலை கொஞ்சம் சரியில்லீங்க..."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"வானத்து மேல ஏன் சார் பழி போடறீங்க? கசிவுன்னு சொல்லுங்க. இல்லேன்னா போனைக் குடுங்க, நானே சொல்றேன்." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

"...கசிவுங்க," என்று முணுமுணுத்தார் இயக்குநர்.

"அவருக்குக் கேட்டிருக்காது சார். இன்னொரு தடவை சொல்லுங்க."