திங்கட்கிழமைச் சலுகை

மருத்துவமனை பில் கவுண்ட்டரில் உட்காருகிறவருக்கு எந்த நோய்க்கு எவ்வளவு ஆகும் என்பது மனப்பாடம். அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"என்னங்க, நெஞ்சு எப்படி ஏறி இறங்குது பாருங்க. கூட்டிட்டுப் போயிடலாம்," என்றாள் மனைவி.

"வெறும் சளிம்மா. திங்கக்கிழமை வந்தா நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அப்புறம் நமக்குப் பாதிக் கட்டணம்தான். ரெண்டு நாள் பொறுக்க மாட்டியா?"

"சளி என்ன காலண்டர் பார்த்தா பிடிக்குது?"

அவர் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் எத்தனையோ முறை கூசிப்போனார்.

ஞாயிறு முழுவதும் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

திங்கள் விடிந்ததும் ஓடினார்கள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் பிடுங்காத குறையாக வாங்கிப்போய் ஆக்ஸிஜன் வைத்தாள். நிமோனியா, இரண்டு நுரையீரலிலும்.

"எப்ப ஆரம்பிச்சுது?" மருந்து எழுதிக்கொண்டே கேட்டார் டாக்டரம்மா.

வருடம் முடியுமுன் தொடங்கிய நோய்க்குச் சலுகை கிடையாது. 'இன்னைக்குத்தான்' என்று சொல்ல வழிநெடுக ஒத்திகை பார்த்திருந்தார். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை, டாக்டர். சனிக்கிழமையே மூச்சு வாங்கிச்சு. நான்தான் கூட்டிட்டு வரலை," என்றார் அவர்.

டாக்டரம்மா எழுதிய மருந்தை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டியது பதினோரு நாள் இழுத்தது. குழந்தை பிழைத்தது. பில்லை அவரே தன் கையால் அடித்தார். சலுகைக் கட்டத்தில் பூஜ்யம்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா பாதி மிச்சம்," என்றான் பக்கத்துக் கவுண்ட்டர்காரன். "பிழைக்கத் தெரியாத ஆளுண்ணே நீங்க!"

வார்டில் மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான்கு அடி நடந்தாலே இன்னும் மூச்சு இளைத்தது.

அவர் நீட்டிய ரசீதை மனைவி தொடவில்லை. "டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னீங்க. சரி. பணம் பத்தாது, பயமா இருக்குன்னு சனிக்கிழமையே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் யார் கால்லயாவது விழுந்திருப்பேனே..."

முடிக்காமல் குழந்தைக்கு ஒரு செருப்பை மாட்டினாள். அவர் குனிந்து மற்றதை எடுத்தார்.

அவள் நிமிரவில்லை. மகள்தான் அவர் பக்கம் காலை நீட்டினாள்.