தோல்வார் சுற்றிய பிடி

ஜெர்மனியில் கத்தி வார்ப்புக்குப் பேர்போன சோலிங்கன் நகர மண்டபத்தில் சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தை. பீங்கான் கோப்பைகளையும் சுவர்க்கடிகாரங்களையும் தாண்டி, ஸ்வஸ்திகாவின் மேல் சட்டப்படி காகிதம் ஒட்டிய பதக்கங்கள் கிடந்த மேசை முன் வந்து நின்றார் ஃபோல்க்மார். துணிப்பொதியிலிருந்து ஒரு குத்துவாளை எடுத்து வைத்தார்.

"விக்கவா சார்?" என்று கேட்டாள், பழைய ஆயுதங்களை மதிப்பிடும் குண்டுலா.

"இல்லம்மா. என் பொண்ணுகிட்ட காட்டணும். நீங்க பாத்து எழுதித் தரணும்."

மனைவியைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள் வீப்கே வீட்டுக்கு வராமல் கல்லறையிலிருந்தே திரும்பிவிட்டாள். கூடத்தில் தாத்தா படம் தொங்கும்வரை வீட்டுப்படி ஏறமாட்டேன் என்று என்றோ சொல்லியிருந்தாள். நாஜி அடியாள் படையின் பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் மனிதர்களை அடித்தவர் அவர். அதற்கு ஃபோல்க்மாரிடம் ஒரே பதில்தான் இருந்தது: போர் முடிந்ததும் அப்பா வெட்கப்பட்டு, தன் குத்துவாளில் இருந்த எழுத்தைத் தன் கையாலேயே ராவி அழித்தார். அம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தாள்.

குண்டுலா அலகைத் திருப்பிப் பார்த்தாள். "பின்பக்கம் ராவியிருக்கு. முன்பக்கம் நாஜி வாசகம் அப்படியே இருக்கே?"

"கை ஓஞ்சு போயிருக்கும்."

"இந்த ஊர்ல எல்லார் வீட்டு அப்பாவும் நல்லவர்தான் சார். அப்ப இத்தனை கத்தியும் யார் இடுப்புல தொங்குச்சுன்னுதான் எனக்குப் புரியல." பிடியைத் தொட்டாள். "இதுல ஏன் தோல்வார்?"

"அப்பா சுத்துனது. வழுக்காம இருக்க. நாங்க யாரும் பிரிச்சதில்ல."

"பிரிக்கவா?"

அவர் தயங்கித் தலையசைத்தார். வார் சுருள் சுருளாகக் கழன்றது. உள்ளே கழுகும், அதன் நகங்களுக்கடியில் ஸ்வஸ்திகாவும். ஒரு கீறல் இல்லை.

குண்டுலாவின் குரல் தணிந்தது. "போருக்கு அஞ்சு வருஷம் முந்தியே, முப்பத்தி நாலுல, நாஜித் தலைவர் இந்தப் பழுப்புச் சட்டைப் படையோட தளபதியையே கொன்னார். அந்தத் தளபதி பேரு பொறிச்ச வாள்ல எல்லாம் அதை அழிச்சுடணும்னு உத்தரவு. இங்க அழிஞ்சிருக்கிறது அந்தப் பேருதான். வெட்கப்பட்டவரா இருந்தா இந்தக் கழுகைத்தான் முதல்ல ராவியிருப்பார். அவர் அதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கார். வாள் அசல் சார். அழிச்சதும் அசல்."

ஃபோல்க்மார் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். "போருக்கு அப்புறம் அழிச்சதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. எனக்கு வீட்ல வேற யாரும் இல்ல."

"எழுதினா உங்க பொண்ணு நம்பலாம். நீங்க நம்புவீங்களா?"

வீட்டுக்கு வந்தவர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. படத்தை இறக்கினார். சுவரில் வெளிறாத ஒரு சதுரம் மிஞ்சியது. தொலைபேசியை எடுத்தார்.

"வீப்கே, தாத்தா வெட்கப்பட்டு அழிக்கல. உத்தரவுக்குப் பணிஞ்சு அழிச்சிருக்கார். அதுக்கு மனசாட்சின்னு பேர் வச்சது நாங்க. செத்தவங்க செஞ்ச குத்தத்தை மூடி வச்சா அவங்க நல்லவங்களாயிட மாட்டாங்க. உசுரோட இருக்கிறவங்களைத்தான் நாம இழப்போம். படத்தை இறக்கிட்டேம்மா."

மகளின் குரல் உடைந்து வந்தது.

"அம்மா இருக்கும்போதே இறக்கியிருக்கக் கூடாதாப்பா?"