ஜுரம் வந்த பச்சை

என் ஓர்ப்படி ஊரை விட்டுப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். மாடியில் இருப்பவள், படி இறங்கி வந்து கீழ் வீட்டில் இருக்கும் என்னிடம் முதலில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதை விட்டுவிட்டு, நாங்கள் சேர்ந்து விளையாடும் ஆன்லைன் கேமில், குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் நடுவில் மைக்கில் சொன்னாள். "எனக்கு வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அங்க ஷிஃப்ட் எல்லாம் மாறி மாறி வருமாம். இந்த மாசத்தோட அக்கவுண்ட்டை மூடிடலாம்னு இருக்கேன்." ஹெட்போனில் ஒரு தடவை, தலைக்கு மேல் கூரை வழியாக ஒரு தடவை என்று அதை நான் இரண்டு முறை கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

ஓர்ப்படி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவள் கணவரை மாமா என்று. பிசியோதெரபிஸ்ட். பகலெல்லாம் ஊரார் முழங்காலை மடக்கி நிமிர்த்துவாள். சாயங்காலம் கேமில் உட்கார்ந்து இரும்பு அடிப்பாள். அங்கே அவள் பெயர் சம்மட்டி. எங்கள் குழுவில் யார் கையில் வாள் இருந்தாலும், கோடரி இருந்தாலும், அது அவள் உலையில் பிறந்ததுதான். அடிப்பது அவள் வேலை, அலங்காரம் என் வேலை. கைப்பிடிக்குத் தோல் சுற்றுவது, கல் பதிப்பது, அலகில் கொடி வரைவது, சாயம் கலப்பது எல்லாம் நான்.

"நான் அடிச்சதை எல்லாம் நீ பொம்மையாக்கிடுற" என்பாள்.

"நீங்க அடிச்சதை அப்படியே விட்டா கடப்பாரை மாதிரி இருக்கு அக்கா" என்பேன்.

இப்படிப் பேசிப் பேசியேதான் ஒட்டிக்கொண்டோம். இதுகள் சண்டை போடுகின்றனவா கொஞ்சுகின்றனவா என்று தெரியாமல் அண்ணனும் தம்பியும் முழிப்பார்கள்.

என் பிழைப்பு பல். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற லேபில் வேலை. ஒருவர் வாயில் மிச்சம் இருக்கும் பல் என்ன நிறமோ, புதுப்பல்லும் அதே நிறமாக இருக்க வேண்டும். வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது. மஞ்சள் ஓடிய வெள்ளை, சாம்பல் தட்டிய வெள்ளை, டீ குடித்தே பழுத்த வெள்ளை என்று ஏகப்பட்டது இருக்கிறது. டியூப் லைட்டில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜன்னலோரம் கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். அதனால் எதைச் செய்து முடித்தாலும் ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்குக் கைப்பழக்கம். சட்டை எடுக்கப் போனால்கூடக் கடைக்காரரை வாசல்வரை இழுத்து வந்துவிடுவேன். அந்த நேரத்தில் என் கணவர் யாரோ எவரோ என்று தள்ளி நின்றுகொள்வார்.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டுதான் அக்கா வீட்டு ஹால் சுவரை நான் இத்தனை வருஷமாகச் சகித்துவந்தேன். டப்பாக்களில் மிச்சம் மீதி இருந்த பெயிண்டையெல்லாம் தானே கலக்கி, தானே அடித்த சுவர் அது. பச்சையா என்றால் பச்சை இல்லை. மஞ்சளா என்றால் அதுவும் ஒத்துக்கொள்ளாது. ஜுரம் வந்த பச்சை என்று நான்தான் பெயர் வைத்தேன். விருந்தாளி யார் வந்தாலும் அக்கா காதில் விழும்படி அந்தப் பெயரைச் சொல்லித்தான் சுவரை அறிமுகம் செய்வேன். "உனக்குப் பல்லைத் தவிர என்ன தெரியும்?" என்பாள் அவள், சுவரைத் தடவிக்கொண்டே. அந்தச் சுவர் என்றால் அவளுக்கு அத்தனை உயிர்.

போவதற்கு முன் குழுவில் ஆளுக்கு ஒரு வாள் அடித்துப் பொதுப்பெட்டியில் போட்டு வைத்தாள். அவளுக்கென்று ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை. சேர்ந்த முதல் நாள் கேம் இலவசமாகக் கொடுத்த துருப்பிடித்த சம்மட்டியோடுதான் இன்னமும் சண்டைக்கு வருவாள். அதைப் பார்த்ததும் முடிவு செய்தேன். என் பங்குக்கு வந்த வாளை அலங்கரித்து அவளுக்கே கொடுத்துவிடுவது. நல்ல வாள் ஒன்று கையில் இருந்தால் அக்கவுண்ட்டை மூட மனசு வராது என்று ஒரு நப்பாசை. அவள் ஊர் மாறட்டும், அது நல்ல வேலை, போகத்தான் வேண்டும். ஆனால் சாயங்காலம் அந்த இரும்பு அடிக்கும் சத்தமும் அவள் வாயும் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. விஷயம் இவ்வளவுதான், இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

சாமான் கட்ட உதவுகிறேன் என்று மாடிக்குப் போனேன். பிரிட்ஜுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் சுவரைச் சுரண்டி, கடுகளவு பெயிண்டை டிஷ்யூவில் மடித்துக்கொண்டு இறங்கினேன். மறுநாளே மாடியில் எலிப்பொறி வைத்துவிட்டார்கள்.

"பிரிட்ஜுக்குப் பின்னாடி எலி சுவரைச் சுரண்டுதும்மா. கீழயும் வருதா பாரு" என்றாள் அக்கா.

"இங்க ஒண்ணும் வரலையே அக்கா" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெயிண்ட் துணுக்கை லேபில் ஜன்னலோரம் வைத்து, குறடால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து குனிந்து பார்த்தார்.

"யாரு பல்லுலேர்ந்து வந்தது இது?"

"எங்க அக்கா வீட்டுது சார்."

"சீக்கிரம் டாக்டரைப் பாக்கச் சொல்லும்மா" என்று கவலையோடு போனார்.

வாளில் கொடி வரையவில்லை, கல் பதிக்கவில்லை, ஒளி ஏற்றவில்லை. அவள் அடித்த அடி தெரியட்டும் என்று அலகை அப்படியே விட்டேன். கைப்பிடியில் சுற்றிய தோலுக்கு மட்டும் சாயம். மஞ்சளைக் கூட்டினால் பித்தம்போல வந்தது, நீலத்தைத் தொட்டால் பாசியாகிவிட்டது. கலக்கிக் கலக்கி ஒரு வழியாகச் சரியென்று பட்டபோது, கேமில் இருக்கும் அலங்காரப் பட்டறையின் தீப்பந்த வெளிச்சத்தில் அது வெறும் பழுப்பாகத் தெரிந்தது. பகலில் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருமா? வாளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். வாசலில் திரை மேல் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. ‘ஆம்’ என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

வெயிலில் அச்சு அசலாக அந்தச் சுவர். சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழப் போனவள், வாளுக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன். உரிமையாளர்: பல்லழகி. அது நான்தான்.

புது ஆயுதத்தை முதலில் யார் கையில் எடுத்து வெளியே போகிறார்களோ, அது அவர்களுக்கே சொந்தம். கேம் ஆடுகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி. ஆனால் இத்தனை நாளும் நான் அலங்கரித்ததெல்லாம் ஏற்கெனவே சொந்தக்காரர் உள்ள ஆயுதங்கள். அவரவரே வெளியே தூக்கி வருவார்கள், நான் கூடப் போய்ப் பார்ப்பேன். அந்தப் பெட்டி என்ன கேட்கும் என்று படிக்க எனக்கு வேலையே வந்ததில்லை. என் ஜன்னல் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எங்கள் குழுத் தலைவர் நிஜத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கேமிலும் அதுதான் அவர் பெயர். அவரிடம் ஓடினேன்.

"இனிமே அதை யாருக்கும் கொடுக்க முடியாதும்மா" என்றார் மருந்துக்கடை. "பந்தயச் சண்டை ஒண்ணுதான் வழி. தோத்தவங்க ஆயுதம் ஜெயிச்சவங்களுக்குப் போயிடும். நீங்க உங்க அக்காகிட்ட தோத்தா போதும்."

"அக்காகிட்டயா?"

 அக்காவிடம் தோற்பது லேசான காரியம் இல்லை என்று அவருக்கும் தெரியும். உலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. களத்தில் இறங்கினால் சந்துக்குள் மாட்டிய பஸ்போலத் திரும்புவாள். தூணைத்தான் அடிப்பாள்.

"இன்னொண்ணு" என்றார். "கடைசி மணி அடிக்கிறதுக்குள்ள யாராவது விழணும். விழலைன்னா அவரவர் ஆயுதம் அவரவருக்கு. அடுத்த மாசம் வரைக்கும் திரும்பவும் மோத முடியாது."

அடுத்த மாதம் அக்காவே இருக்க மாட்டாள். ஆக, இந்த ஒரு சண்டைதான்.

சனிக்கிழமை மத்தியானம் குழு அவளுக்கு வழியனுப்பு வைத்தது. எல்லோரும் நிலவறைக் களத்தைச் சுற்றி நின்றார்கள். நான் அவளைப் பந்தயச் சண்டைக்குக் கூப்பிட்டேன். வாளுக்கு எதிராகச் சம்மட்டி.

"போறப்பகூட என்னை அடிச்சுட்டுத்தான் அனுப்புவியா?" என்றாள்.

"ஆமாக்கா. பயமா?"

"வா பாத்துக்கலாம்."

மணி அடித்தது. நான் போய் அவள் முன்னால் சும்மா நின்றேன். அவளும் என் முன்னால் சும்மா நின்றாள். நான் ஒரு அடி நெருங்கினேன். அவள் கையைக் கீழே போட்டுக்கொண்டாள். நான் தூணுக்குப் பக்கத்தில் போனேன், வழக்கம்போலத் தூணை அடிக்கிற சாக்கில் என்னையும் சேர்த்து அடிப்பாள் என்று. அவள் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் முதுகைக் காட்டினாள்.

"என்ன ரெண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடுறீங்க?" என்று யாரோ சிரித்தார்கள்.

"என்னை அடியேன்டி" என்றாள் அக்கா. "இந்தச் சம்மட்டியை உன்கிட்ட விட்டுட்டுப் போகத்தான் சண்டைக்கே ஒத்துக்கிட்டேன். கைக்குப் பழகினது, குப்பைக்குப் போகக்கூடாது. சீக்கிரம் அடிச்சு வாங்கிக்கோ."

 அவள் அக்கவுண்ட்டை மூடத்தான் போகிறாள், அதில் மாற்றமே இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அவளைத் தோற்க விடுவதாவது. பேச்சிலேயே அவளைக் கிளப்பியாக வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, மாடிக்குப் புதுசா வர்றவங்களைப் பாத்தேன்."

"அதுக்கென்ன இப்போ?"

"முதல் வேலையா ஹால் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிட்டேன். அந்தக் கண்றாவியை எவன் பாத்துட்டு உக்காந்திருப்பான்னு."

வாய் கூசாமல் சொன்ன பொய்.  மாடியில் மேசை மீது கை விழுந்த சத்தம் கூரை வழியாக வந்தது. துருப்பிடித்த சம்மட்டி என் பக்கம் திரும்பியது. அவள் அவ்வளவு நேராக அடித்து நான் பார்த்ததே இல்லை. பல்லழகி சுருண்டு விழுந்தாள். மணி அடித்தது.

"சுவரைப் பத்திப் பேசினா பல்லை உடைச்சிடுவேன்" என்றாள் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு. அப்புறம்தான் தான் ஜெயித்தது அவளுக்குப் புரிந்தது. "அடடா, என்ன பண்ணித் தொலைச்சேன். உன் கத்தி எனக்கு வந்துடுச்சே."

"வந்தா எடுத்துக்கோங்க. வெளிய வெயிலுக்குக் கொண்டு போய்ப் பாருங்க."

"எதுக்கு?"

"சொன்னா கேளுங்க அக்கா."

அவள் வாளோடு படியேறி வெளியே போவதைத் தரையில் கிடந்தபடியே பார்த்தேன். குழுவும் பின்னாலேயே போனது.  மாடியில் நாற்காலி நகர்ந்தது. காலடி ஹாலுக்குப் போனது, சுவர்ப் பக்கம் நின்றது, திரும்பி வந்தது.

"பிரிட்ஜுக்குப் பின்னாடி சுரண்டினது நீதானா?" குரல் ஒரு மாதிரி இருந்தது. "எலின்னு நினைச்சுப் பொறி வச்சு, உங்க மாமாவோட கால் விரல்தான் அதுல மாட்டுச்சு."

"பாவம் மாமா."

"இத்தனை வருஷமா இந்தக் கலரைக் கண்றாவின்னு சொன்ன."

"கண்றாவிதான். அதனாலதான் வேற எங்கயும் கிடைக்காது."

அவள் மூக்கை உறிஞ்சியது கூரை வழியாகவே கேட்டது. என் கணவர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஜெயிச்சிட்டியா?"

"தோத்துட்டேங்க."

"அப்புறம் எதுக்கு இப்படிச் சிரிக்கிற?" என்று கேட்டவர், என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வண்டி வந்தது. மாமா நொண்டிக்கொண்டே சாமான் ஏற்றினார். அக்கா என் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். அக்கவுண்ட்டைப் பற்றி அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை. அதற்கப்புறம் சில நாள் அவள் பெயர் கேமில் விளக்கணைந்தே கிடந்தது. உலையும் அணைந்திருந்தது. மாடியில் புதிதாக வந்தவர்கள் பூனைபோல நடந்தார்கள். எனக்கு எதைப் பார்த்தாலும் கோபம் வந்தது.

அடுத்த மாதம் பிறந்த அன்று சாயங்காலம் பட்டறையில் யாருடைய ஈட்டிக்கோ சிவப்புத் தோல் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று சம்மட்டி என்ற பெயரில் விளக்கு எரிந்தது.

"ஷிஃப்ட் இப்பத்தான் முடிஞ்சுது" என்றாள். "உன் கத்தி என்கிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கா? தைரியம் இருந்தா வந்து வாங்கிக்கோ."

"அக்கவுண்ட்டை மூடலையா அக்கா?"

"எப்படிடி மூடுறது? நீ திரும்பச் சண்டைக்கு வருவியே. வந்து நின்னுட்டு, அக்கா பயந்து ஓடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவ."

ஈட்டியைப் போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடினேன். இந்த முறை விட்டுக்கொடுக்கும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனாலும் தோற்றேன், நிஜமாகவே தோற்றேன். கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, சம்மட்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எப்படிப் பார்ப்பது?