வேம்பைப் பிடுங்க வந்தவர்கள்

அன்று காலை வாசலில் இருந்தவர்கள்: குடியிருப்பின் செயலாளர், அவருடைய மாமியார், முதல் மாடி டீச்சர், பக்கத்து மருந்துக் கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், கடப்பாரையோடு குடியிருப்பிலேயே இளையவனான நான். செயலாளரின் மச்சினன் வரவில்லை. மரத்தைப் பிடுங்கிய பிறகு வந்தால் அவனுக்குப் போதும்.

தெருவில் வேப்பங்கன்றுகள் நட்ட நாளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. போட்டோ எடுத்தவர்களை மட்டும் ஏற்றினாலே ஒரு பஸ் நிறைந்திருக்கும். மறுவாரம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அதனால்தான் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைச் சைக்கிள் கடைக்காரருக்கு வாடகை இல்லாமல் கொடுத்தார்கள். பதிலுக்கு வருஷம் முழுக்க மரங்கள் அவர் பொறுப்பு. வெயில் காலத்தில் தண்ணீர், காற்றுக் காலத்துக்கு முன் முட்டுக்கழி, தண்டு தடிக்கத் தடிக்கக் கட்டைத் தளர்த்துவது, கம்பியில் உரசும் கிளையை வெட்டுவது. ஏதாவது ஒரு மரம் செத்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரைத் தவிர. அவருடைய கடையும் அந்த அறைதான், வீடும் அந்த அறைதான்.

தெருக்கோடி மரங்கள் மாடி உயரம் வந்துவிட்டன. வாசலில் நின்றது மட்டும் மஞ்சளடித்து, இலைகளைக் கொட்டி, குச்சியாகிவிட்டது. அதே சமயத்தில் செயலாளரின் மச்சினனுக்குப் பார்சல் பெட்டிகள் அடுக்க ஓர் அறை தேவைப்பட்டது. இந்த இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. அவையே சேர்ந்து வந்தன.

சைக்கிள் கடைக்காரரை எல்லாரும் டைனமோ என்பார்கள். சக்கரம் சுற்றினால்தான் எரிவார். கை சும்மா இருந்தால் வாயும் சும்மா. அன்று டயர்கள், பம்பு, ஸ்பேனர் பெட்டி, சுருட்டிய பாய் எல்லாவற்றையும் தானே நடைபாதையில் அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"என்னய்யா, நாங்க சொல்றதுக்கு முன்னாடியே மூட்டை கட்டிட்டியா?" என்றார் செயலாளர்.

"நீங்க சொல்லாமயா விடப்போறீங்க சார்?"

"ஒரு மரத்துக்குத் தண்ணி ஊத்தத் துப்பில்ல. ரோஷம் மட்டும் வருது."

"ஊத்தினேன்."

"ஊத்தினா ஏன் காயுது?"

டைனமோ மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார். "யார் யார் என்னத்தக் கொட்டுறாங்களோ. கடை போர்டை மறைக்குதுன்னு சில பேருக்கு வயித்தெரிச்சல்."

"யோவ், நான் மருந்து விக்கிறவன். விஷம் விக்கிறவன் இல்ல."

"ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல" என்றார் டீச்சர். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரிடம்தான் மாத்திரை வாங்குகிறோம்.

"பேச்சு போதும். தோண்டுப்பா" என்றார் செயலாளர்.

மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் குத்தினேன். பிடுங்கப்போகும் மரம் என்பதால் முந்தின நாள் யாரும் தண்ணீர் காட்டவில்லை. மேல்மண் ஓடாகக் காய்ந்திருந்தது. அந்த ஓடு உடைந்ததும் கடப்பாரை களியில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்தேன். கருப்பாகத் தண்ணீர் பொங்கி வந்து சாக்கடை நாற்றம் அடித்தது.

"குழாய் உடைஞ்சிருக்கு" என்றார் செயலாளர்.

"சாக்கடைக் குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சார்" என்றார் டைனமோ.

இன்னும் தோண்டினேன். பக்கவாட்டிலும் அடியிலும் கடப்பாரை 'ணங்' என்றது. நடைபாதை போட்டவர்கள் மிஞ்சிய கான்கிரீட்டைக் குழிக்குள் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மரம் நின்றது மண்ணில் அல்ல, தொட்டியில். ஊற்றிய தண்ணீர் எங்கேயும் போகவில்லை.

"தொட்டியா இருந்தாலும் இவ்வளவு தண்ணியா? ஒரு ஆள் ஊத்தினதா இது?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

டீச்சர் கைப்பையின் வாரைச் சரிசெய்தார்.

"ஸ்கூலுக்குப் போறப்ப நான் ஒரு பக்கெட் ஊத்துவேன். தினமும்."

"உங்களை யாரு ஊத்தச் சொன்னது?" என்றார் செயலாளர்.

"யாரும் சொல்லல. இவர் ஊத்த மாட்டார்னு நினைச்சேன்."

மருந்துக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "கடை திறந்ததும் நானும் ரெண்டு குடம். டீச்சரம்மா வாயால மட்டும்தான் மரம் வளப்பாங்கன்னு..."

"நான் வாயால வளக்கறேனா?"

"காலையிலயும் சாயங்காலமும் நான் ஊத்தினேன்" என்றார் டைனமோ. "மஞ்சளானதும் பயந்துபோய் மத்தியானமும் ஊத்தினேன்."

செயலாளர் மரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நான் எப்பவாவது, கார் கழுவுற ஹோஸை இந்தப் பக்கம் திருப்பி விடுவேன். எப்பவாவதுதான்."

"எப்பவாவதா மாப்பிள்ளை?" என்றார் மாமியார். அவர் அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "திறந்து விட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போயிடுறீங்க. நான்ல வந்து மூடுறேன்."

"அத்தை, வெயில் ஏறுது. நீங்க உள்ள போங்க."

"போறேன். நானும்தான் ஊத்தினேன். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி, ஒரு சொட்டு வீணாக்கல."

யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. அத்தனை பேரும் அடுத்தவனைச் சோம்பேறி என்று நினைத்தார்கள், அத்தனை பேரும் வாசல் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த மரத்தைத்தான் காப்பாற்றினார்கள். தெருக்கோடி மரங்கள் டைனமோவை மட்டும் நம்பிப் பிழைத்துக்கொண்டன.

"நீ எவ்வளவுப்பா ஊத்தினே?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

"நான் ஊத்தல."

"ஒரு நாள்கூடவா?"

"இல்ல."

"பாத்தீங்களா? இந்த வயசுல ஒரு அக்கறை வேணாம்?" என்றார் மற்றவர்களிடம். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

டைனமோ குனிந்து அடிமரப் பட்டையை நகத்தால் கீறினார். மேலே பழுப்பு. வேருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மங்கலாகப் பச்சை தெரிந்தது.

"பச்சை இருந்தா போதுமா? பிழைக்கும்னு யார் பொறுப்பு ஏத்துப்பா?" என்றார் செயலாளர்.

யாரும் ஏற்கவில்லை. டைனமோவும் ஏற்கவில்லை.

"அப்ப பேசினது பேசினதுதான். செத்தா ரூமைக் காலி பண்ணணும். இன்னிக்கே பண்ணிட்டா எல்லாருக்கும் வேலை மிச்சம்."

மாமியார் ஸ்டூலை விட்டு எழுந்தார். "சரி மாப்பிள்ளை. செத்தா ஊத்தினவங்க எல்லாரும் காலி பண்ணுவோம். அதானே நியாயம்? நான் என் பிள்ளை வீட்டுக்குப் போயிடறேன். பார்சல் பெட்டிக்கு நடுவுல எனக்கும் ஒரு இடம் போட மாட்டானா? நீங்க எங்க போவீங்க?"

அவருடைய பிள்ளைதான் அந்த மச்சினன். மருந்துக் கடைக்காரர் தும்முவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடியில உடைச்சு விடுப்பா, தண்ணி வடியட்டும்" என்றார் செயலாளர் என்னிடம். "இனிமே ஒருத்தரும் ஊத்தக் கூடாது. அத்தை, உங்களையும் சேத்துத்தான்."

"ரூம்?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"ரூமைப் பத்தி இப்ப யாரு பேசினா? அது பாட்டுக்கு இருக்கட்டும்." மாடிப்படியில் வேகமாக ஏறிப் போனார்.

கான்கிரீட்டை உடைக்க எனக்கு வெகுநேரம் ஆனது. விரிசல் விட்டதும் தண்ணீர் உறிஞ்சுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. அழுகிய வேர்களை டைனமோ கத்தரித்தார். உலர்ந்த மண்ணும் சரளையும் போட்டு மூடினோம். மரம் முன்பிருந்த மாதிரியே நின்றது, கொஞ்சம் சாய்ந்து.

டீச்சர் நடைபாதையில் கிடந்த பம்பைத் தூக்கினார். "குடுங்க, நான் உள்ள வைக்கிறேன்."

டைனமோ அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். டயர்களையும் பெட்டியையும் தானே சுமந்தார். கை வேலையாக இருந்தும் வாய் திறக்கவில்லை.

"என் வண்டிக்குக் காத்து அடிக்கணும்" என்றார் மருந்துக் கடைக்காரர், ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக.

"கடை லீவு."

"மரத்துக்கு வேற ஏதாவது செய்யணுமா?"

"மரத்துக்கும் லீவு."

கடைசியாகப் பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார்.