வெறும் என்டர் தட்டினால் திறக்காது

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. என் மச்சினி ஒரு வரைபட அலுவலகத்தில் நூற்றிருபது கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவள். அவள் சொல்லிச் சிரித்ததை நான் எழுதுகிறேன், அவ்வளவுதான். "எழுதுங்க மாமா, ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க. அழலை" என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

முதல் வரி இப்படி வந்தது: 'அன்று காலை வானம் கறுத்திருந்தது. அவள் மனமும்...'

அடித்துவிட்டேன். அவள் அறையில் ஜன்னலே கிடையாது.

இரண்டாவது: 'அந்த ஸ்கிரிப்டை அவள் பெற்ற பிள்ளையைப் போல...'

இதுவும் வேண்டாம். அவளுக்கு நிஜமாகவே இரண்டு பிள்ளைகள். சண்டைக்கு வருவார்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

மூன்று வருடம் பாடுபட்டு அவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். [சினிமா வசனம் இல்லை. கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்.] ஒரு கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாகக் கிளப்பினால் போதும். பழையதை எல்லாம் துடைத்துவிட்டு, புதிதாக நிறுவி, இருபது நிமிடத்தில் தலைவாரிப் பொட்டு வைத்துக் கொடுத்துவிடும். யாரையும் எதுவும் கேட்காது. அதன் பெருமையும் அதுதான், வினையும் அதுதான்.

அங்கே மூத்த வரைவாளர் ஒருவர். திரையில் எது வந்தாலும் படிக்காமல் என்டரைத் தட்டுவார். அதனால் மாடி முழுக்க அவருக்குப் பெயர் 'அவசரம்'. ஒரு காலை அவருடைய கம்ப்யூட்டர் கிளம்ப மக்கர் பண்ணியது. 'நெட்வொர்க் வழியாகத் தொடங்க என்டரை அழுத்தவும்' என்றது திரை. அழுத்தினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் பளபளவென்று இருந்தது. மூன்று வாரமாக வரைந்த ஆற்றுப்படுகை வரைபடம் மட்டும் இல்லை. [வரைந்ததை எல்லாம் பொதுக் கம்ப்யூட்டரான சர்வரில் சேமிக்க வேண்டும் என்பது அலுவலக விதி. விதிகளைப் படிக்கிறவருக்கு அந்தப் பெயர் வந்திருக்குமா?]

3

அவளுடைய மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் அவருக்கு ஒரு மீசையை வைத்து, மேசையைக் குத்தவும் வைத்தேன். மச்சினி படித்துவிட்டு, "அவர் கத்தவே மாட்டாரு மாமா. மெதுவாப் பேசுவாரு. அதுக்குத்தான் எல்லாரும் பயப்படுவாங்க" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா உன் ஸ்கிரிப்ட்?"

"பாஸ்வேர்ட் கேக்க வெக்கறேன் சார்."

"வெள்ளிக்கிழமை நாப்பது புது மெஷின் வருது. நாப்பதுலயும் போய் பாஸ்வேர்ட் அடிக்கப் போறது யாரு?"

அவள் நோட்டில் '40' என்று எழுதி வட்டம் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை எனக்குக் காமி. சரியா வந்தா உன் ஸ்கிரிப்ட். வரலைன்னா வெளியாளுங்க பாத்துக்கட்டும், நீ கம்ப்ளெயின்ட் போன் எடுக்கற சீட்டுக்குப் போயிடு."

4

போன் எடுக்கிற சீட்டா! அன்றே உட்கார்ந்துவிட்டாள். ஹார்ட் டிஸ்க் காலியாக இருந்தால் கேட்காமல் போ. ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் நில், பாஸ்வேர்ட் கேள். இப்படி எழுதியதில் நாற்பது புதுசுக்கும் தொல்லையில்லை.

சரியான பாஸ்வேர்ட், தப்பான பாஸ்வேர்ட் இரண்டையும் அடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. இருந்தாலும் வியாழக்கிழமை ஒரு பழைய கம்ப்யூட்டரின் முன்னால் அவசரத்தை உட்கார வைத்தாள்.

"ஏம்மா, பட்டது போதாதா?"

"நீங்க எப்பவும் பண்றதையே பண்ணுங்கண்ணே."

கேள்வி முழுதாகத் திரைக்கு வருவதற்குள் தட்டினார். அது பாட்டுக்குத் துடைக்க ஆரம்பித்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலைம்மா! சும்மா என்டர்தான் தட்டினேன்!"

நடந்தது இது. ஸ்கிரிப்ட் இந்தப் பக்கம் கேள்வி கேட்டுக்கொண்டே, அந்தப் பக்கம் சர்வரிடமிருந்து சரியான பாஸ்வேர்டை வாங்கிவர ஓடுகிறது. நெட்வொர்க் விழிக்க மூன்று நொடி ஆகும். மனிதர்கள் பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் விழித்துவிடும். அவசரம் ஒரு நொடியில் தட்டிவிட்டார். ஸ்கிரிப்டின் கையில் ஒன்றுமில்லை, அவர் கொடுத்ததும் ஒன்றுமில்லை. இரண்டும் பொருந்துகிறதே என்று வழிவிட்டுவிட்டது!

[இந்த இடத்தில் அவள் கண்ணில் நீர் திரண்டதாக அழகான ஒரு பத்தி எழுதி... சரி, சரி. நிபந்தனை.]

"அண்ணே, நீங்க தெய்வம்ணே!" என்று துள்ளினாளாம்.

"கிண்டல் பண்றியா?"

"சத்தியமா இல்லை. வேற யார் உட்கார்ந்திருந்தாலும் இது மாட்டியிருக்காது."

இரண்டே வரிதான் சேர்த்தாள். சர்வர் பதில் தரும்வரை வாயைத் திறக்காதே. வெறுமையாக வந்தால் வழிவிடாதே.

5

வெள்ளிக்கிழமை. நாற்பது புது மெஷின்களும் ஒரு கேள்வியும் கேட்காமல் வரிசையாக எழுந்து நின்றன. மேலாளர் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக, "இப்ப என் மெஷின்ல காமி" என்றார்.

மாடியே எழுந்து வந்துவிட்டது. அவருடைய பத்து வருட வேலையும் அதில்தான் இருந்தது. பிசகினால் போன் சீட்டோடு போகாது, வீட்டுக்கே போக வேண்டியதுதான்.

அவள் ஒரு விநாடிதான் யோசித்தாள். "அண்ணே, வாங்க" என்றாள்.

அவசரம் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டினார். 'பாஸ்வேர்ட்?' என்றது திரை. மறுபடி தட்டினார். 'பாஸ்வேர்ட்?' யாரோ சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். ஏழு, எட்டு, பன்னிரண்டு... பதினேழு தட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை நிக்க வெச்ச முதல் மெஷின் இதுதான்யா!"

கைதட்டல் அடுத்த மாடிக்குக் கேட்டதாம். [விசில் கூட அடித்தார்கள் என்கிறாள். நான் எதையும் குறைக்கப் போவதில்லை.]

6

மேலாளர் பேனாவைத் திறந்தார். "ஸ்கிரிப்ட் உன்னோடதுதாம்மா, இனி பேச்சே இல்லை. அந்த பாஸ்வேர்ட் என்னன்னு மட்டும் எனக்கும் சொல்லிடு."

ஒரு முடிவில், அவள் சொல்கிறாள். பண்பான முடிவு, ஆனால் என் பேனா ஓடவில்லை. இன்னொன்றில், காதோடு ஒரு தப்பான பாஸ்வேர்டைச் சொல்லி... சீ, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்றாவதில், பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது என்ற தன் தொழில் விதிப்படி, எல்லோருக்கும் நடுவில் 'முடியாது' என்கிறாள்.

என்னதான் சொன்னாய் என்று மச்சினியையே கேட்டேன். "நீங்கதானே மாமா எழுத்தாளர்?" என்று சிரிக்கிறாள்.

ஆகவே வாசகரே, நீங்கள் வாருங்கள். மாடி மொத்தமும் மூச்சுப் பிடித்து நிற்கிறது. காகிதத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு மேலாளர் காத்திருக்கிறார். அவரைக் காக்க வைக்கும் அந்த ஒரு நிமிடத்தை அவள் ரசித்து அனுபவிக்கிறாள், அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். கைகளைக் கட்டிக்கொள்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள். மீதி வசனம் உங்களுடையது.

"சார்,