மெகித்தபேலின் பதில்

மாசசூசெட்ஸ் கடற்கரையிலிருந்த எங்கள் சபையில் சேர வேண்டுமானால், தேவன் தன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்று எல்லோர் முன்பும் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனவன் மனைவி மெகித்தபேல் எழுந்து நின்றாள். அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் கைக்குழந்தை இறந்திருந்தது. பெற்றோர் சபையில் இல்லாததால் அதற்கு ஞானஸ்நானம் கிடைக்கவில்லை; அப்படிப்பட்ட குழந்தை நரகத்துக்குப் போகக்கூடும் என்பது எங்கள் நம்பிக்கை.

போதகர் ஜெதித்தியா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "தேவன் உன்னை நரகத்துக்கே அனுப்பினாலும் அது நியாயந்தான்னு ஒத்துக்குவியாம்மா?"

ஒத்துக்கொண்டால்தான் சபையில் இடம்; இந்தக் கேள்விக்கு ஆண்களே நடுங்கி அழுவார்கள். அவள் யோசித்தாள்.

"என் புள்ள அங்கதான் இருக்குதுங்களாய்யா?"

"இருக்கலாம்னுதான் பயப்படணும்."

"அப்படின்னா என்னையும் அங்கயே அனுப்பட்டுங்க. அதைத் தூக்கி வச்சுக்க ஆளு வேணுமில்ல."

"இவ ஒத்துக்கிட்டாளா, இல்லையா?" என்று மூப்பர் ஆமோஸ் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

தேவ சித்தத்துக்குப் பணிந்துவிட்டாள் என்றார்கள் சிலர். தேவனைவிடப் பிள்ளையே அவளுக்குப் பெரிது என்றார்கள் மற்றவர்கள். பொழுது சாயும்வரை வாதம் நடந்தது. மெகித்தபேல் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கும் விடை தெரிய வேண்டும் என்பதுபோல் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியில் பெரும்பாலோர் கை உயர்த்தி அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வாசலில் அவள் போதகரை நிறுத்தினாள்.

"அப்ப என் புள்ளைங்கய்யா?"

ஜெதித்தியா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.